முட்டிக்குத் தகுதி உண்டு, தரைக்கு இல்லை

நீங்கள் பொய்க் கையெழுத்துப் போடுகிறீர்கள். திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் கிளினிக் வைத்துக்கொண்டு ஆலைத் தொழிலாளர்களுக்குச் சான்று கொடுக்கும் இளைய பிசியோதெரபிஸ்டுகள் எல்லோரையும்தான் சொல்கிறேன். ‘வேலைக்குத் திரும்பலாம்’ என்று எழுதுகிறீர்களே, அந்த ஆள் என்ன வேலை செய்கிறான் என்று போய்ப் பார்த்தீர்களா? அவன் கால் எந்தத் தரையில் நிற்கிறது என்று தெரியுமா? உங்கள் கிளினிக்கின் டைல்ஸ் தரையில் ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்கிறீர்கள். குதித்தால் தகுதி என்கிறீர்கள். அது பொய்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். உங்களைவிடப் பெரிய பொய்க் கையெழுத்து நான் போட்டிருக்கிறேன். மூன்று பேர் முட்டி அதனால் போனது. போன வருடம் திருவள்ளூரில் பிசியோதெரபிஸ்ட் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றபோது சால்வை போர்த்திப் புகழ்ந்தார்கள். அந்த மூன்று முட்டிகளைப் பற்றி மேடையில் ஒருவரும் பேசவில்லை. நானே பேசுகிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பி ஆலை. பெயரை எழுதப்போவதில்லை, படிக்க வேண்டியவருக்குத் தெரியும். உலையில் பழுத்த இரும்பு, உருளைகளுக்கு நடுவே நசுங்கி நசுங்கிக் கம்பியாக நீளும் இடம். உருளைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் இடுக்கியோடு நிற்பார்கள். சிவப்பாகச் சீறிக்கொண்டு வரும் கம்பியின் தலையை இடுக்கியால் பிடித்து, உடம்போடு திரும்பி, அடுத்த ஓட்டையில் சொருக வேண்டும். எதிரில் இருப்பவர் அதைப் பிடித்துத் திருப்பி அனுப்புவார். சூடு தாங்காது என்பதால் அரை மணி வேலை, அரை மணி ஓய்வு. இதுதான் வேலை. பிடி, திரும்பு, சொருகு.

அங்கே ஒரு தொழிலாளி வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவருக்குச் சிகிச்சை கொடுத்தது நான்தான். ஆலையின் சேஃப்டி ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். இளைஞர், மரியாதையானவர், எல்லாவற்றுக்கும் ஒரு ஃபைல் வைத்திருப்பவர். “மேடம், நீங்க வந்து தரையப் பாத்துட்டு ஒரு சிபாரிசு எழுதிக் குடுங்க” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திருவள்ளூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன்.

போனது ஞாயிற்றுக்கிழமை. உருளை ஓடவில்லை. இதுதான் என் முதல் தப்பு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை: ஓடாத ஆலை ஆலையே இல்லை, வெறும் கொட்டகை.

இரண்டாம் நம்பர் உருளைக்கு முன்னால் வழவழப்பான இரும்புத் தகடு போட்டிருந்தது. அதன்மேல் கருப்பாகப் பொடி. சூடான கம்பியின் மேல்தோல் உரிந்து விழும் செதில் அது. காலை வைத்தேன், வழுக்கியது. “இதுதான் காரணம். இதைப் பெருக்காமல் விட்டது யார்?” என்று கேட்டேன்.

அங்கே ஒருவர் உருளைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். குணசீலன் என்று பெயர். இடுக்கிக்காரர்தான். அவர் எழுந்து வந்தார்.

“மேடம், அந்தச் செதில எடுத்துடாதீங்க. அது வோணும்.”

“எதுக்கு வேணும்? வழுக்கி விழறதுக்கா?”

அவர் தலையைச் சொறிந்தார். “சொல்லத் தெரில மேடம். ஆனா வோணும்.”

“சொல்லத் தெரியலன்னா எதுக்குப் பேசறே?” என்றேன். ஆபீசர் சிரித்தார். நானும் சிரித்தேன். குணசீலன் எண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றே எழுதிக் கொடுத்தேன். செதிலை அகற்றவும். புடைப்புள்ள தகடு பதிக்கவும். ஆழமான பிடிப்புள்ள ஷூ வழங்கவும். கீழே என் கையெழுத்து, என் பட்டம், முத்திரை. பஸ் படிக்கட்டில் கோடு கோடாய்ப் புடைத்திருக்குமே, அந்தத் தகடுதான். பதினைந்தே நாளில் இரண்டாம் நம்பரில் பதித்துவிட்டார்கள். ஒன்றாம் நம்பருக்கு அப்புறம் போடுவதாகத் திட்டம். என் கடிதத்தை நகலெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நான் போய் வாசலோடு நின்று அதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் அந்த ஆலையிலிருந்து இரண்டு முட்டிகள் வந்தன. இரண்டிலும் ஒரே ஜவ்வு கிழிந்திருந்தது. முட்டிக்கு நடுவில், தொடை எலும்பும் கால் எலும்பும் ஒன்றையொன்று விட்டு முறுக்கிக்கொள்ளாமல் இழுத்துப் பிடிக்கிற ஜவ்வு. முதல் ஆள் பைக்கிலிருந்து விழுந்ததாக உடன் வந்த சூப்பர்வைசர் சொன்னார். எழுதிக்கொண்டேன். இரண்டாவது ஆள் கபடி ஆடியதாக அதே சூப்பர்வைசர் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன். ஒருவர் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இன்னொருவர் அத்திப்பட்டுப் பக்கம் ஒரு கிடங்கில் வாசல் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். இருவரும் இடுக்கியைத் திரும்பத் தொடவில்லை.

மூன்றாவதாக வந்தவர் தானியேல். குணசீலனின் அக்காள் புருஷன். ஆறடி உயரம், முன்கை முழுக்கத் தீப்பொறித் தழும்பு. இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு நொண்டி வந்தார். முட்டி வீங்கி எலும்பின் உருவமே தெரியவில்லை. சூப்பர்வைசர் முந்திக்கொண்டார்.

“பைக்ல ஸ்லிப் ஆயிட்டாரு மேடம்.”

காலைப் பார்த்தேன். முழங்காலில், கணுக்காலில், முழங்கையில், உள்ளங்கையில், எங்கேயும் ஒரு சிராய்ப்பு இல்லை. கும்மிடிப்பூண்டி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து தோல் உரியாமல் எழுந்த மனிதனை நான் அதுவரை கண்டதில்லை. சூப்பர்வைசரை எக்ஸ்ரே சீட்டு வாங்கிவர அனுப்பினேன். கதவைச் சாத்தினேன்.

“எந்த ரோட்டுல விழுந்தே?”

“அதான் மேடம், ஜி.என்.டி. ரோட்டுல.”

“பொய். ரோட்டுல விழுந்தவனுக்கு ஒரு சிராய்ப்புகூடவா இருக்காது?”

“உட்டுடுங்க மேடம். எழுதிக்கினு போங்க. பேஜாரு வோணாம்.”

“எழுதறது நான். கையெழுத்து என்னுது. சொல்லு.”

அவர் கதவைப் பார்த்தார். பிறகு முட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கம்பி வந்துச்சி. புடிச்சேன். திரும்புனேன். காலு திரும்பல.”

“திரும்பலன்னா?”

“காலு அங்கியே நின்னுச்சி மேடம். நான் மட்டும் திரும்பிட்டேன். உள்ள டொப்புன்னு ஒரு சத்தம். புதுத் தகடு கெட்டியா புடிச்சிக்கிது. ஷூவும் புடிச்சிக்கிது.”

ஆனாலும் கேட்டேன். “கம்பி என்ன ஆச்சு?”

“அத உட முடியுமா? ஓட்டையில சொருவிட்டுத்தான் உழுந்தேன். உட்டுட்டா எதிர்ல கீற மச்சான் வவுத்துல பாயும்.”

இதை அவர் ஒரு சாதாரண விஷயம்போலச் சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஜவ்வு கிழிந்த நொடியில் முட்டி என்ன செய்யும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். எலும்பு முன்னால் நழுவும். தொடைத்தசை செத்ததுபோல் ஆகிவிடும். கால் மடியும். விளையாட்டு வீரர்கள் மைதானத்தில் சுருண்டு விழுந்து தரையை அறைவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த மனிதர் கிழிந்த முட்டியில் நின்று, நெருப்புக் கம்பியைச் சரியான ஓட்டையில் சொருகிவிட்டு, அதற்கப்புறம் விழுந்திருக்கிறார். என் முப்பது வருட வேலையில் மனித உடம்பைக் கண்டு பயந்தது அன்று ஒருநாள்தான். மரியாதையான பயம்.

என் கேஸ் தாளில் ‘பணியிடத்தில், உருளை முன், திரும்பும்போது’ என்று எழுதினேன். திரும்பி வந்த சூப்பர்வைசர் முகம் கறுத்தது. அவர் முகத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பழைய இரண்டு தாள்களையும் அன்று சாயங்காலம் எடுத்து வைத்துப் பார்த்தேன். அவர்கள் இருவருக்கும்கூடச் சிராய்ப்பு இல்லை. ‘வெளிக்காயம் ஏதுமில்லை’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். எழுதியவளே அதைப் படிக்கவில்லை.

சென்னையில் ஆபரேஷன் நடந்தது. தொடைக்குப் பின்னால் இருக்கிற தசைநாரில் ஒரு துண்டை எடுத்து, கிழிந்த ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்தினார்கள். அதற்கப்புறம் தானியேல் என்னிடம் வந்தார்.

முதல் நாள் காலை நீட்டிப் படுக்கவைத்து, “தூக்கு” என்றேன். தூக்க முடியவில்லை. கட்டிலிலிருந்து ஓர் அங்குலம்கூட எழவில்லை. அவருக்கு வெட்கம்.

“இன்னா மேடம் இது? என் காலு நான் சொன்னா கேக்க மாட்டேங்குது!”

“கேக்காது. முட்டிக்குள்ள அடிபட்டா மூளை தொடைத்தசையை அணைச்சு வச்சிடும். நீ திட்டினா வராது. அதையே பாத்துக்கிட்டு இரு. முட்டிச்சில்லு மேலே சதையை இறுக்கப் பாரு.”

மூன்று நாள் அந்த மனிதர் தன் தொடையை முறைத்துப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நான்காம் நாள், முட்டிச்சில்லுக்கு மேலே உள்பக்கமாக ஒரு சின்னத் துடிப்பு. மீன் வால் அசைந்ததுபோல. இருவரும் ஒரே சமயத்தில் பார்த்தோம். “வந்துட்டான்! மேடம், வந்துட்டான்!” என்று கத்தினார். பக்கத்துக் கட்டிலில் முதுகுவலிக்குப் படுத்திருந்த அம்மா யார் வந்தது என்று வாசலைப் பார்த்தார். இந்தத் துடிப்பை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அலுத்ததில்லை. உங்களுக்கு அலுத்துவிட்டால் வேறு தொழிலுக்குப் போய்விடுங்கள்.

மூன்றாம் மாதம் ஆரம்பித்தது நெருக்கடி. வீக்கம் வற்றிவிட்டது. வலி இல்லை. மாடிப்படி ஏறுகிறார். சேஃப்டி ஆபீசர் போன் செய்தார்: ஆள் நன்றாக நடக்கிறாரே, சான்று கொடுத்தால் என்ன? தானியேலும் அதையே கேட்டார். அவர் காண்டிராக்ட் ஆள். காண்டிராக்டர் அவர் இடத்துக்குப் புது ஆள் போடப் பார்த்துக்கொண்டிருந்தார். குணசீலனும் இன்னும் மூன்று பேரும் தங்கள் ஓய்வு நேரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து தானியேலின் முறையைப் பங்கு போட்டு நின்றார்கள், புது ஆள் தேவையில்லை என்று காட்ட. ஈரச் சாக்கு சுற்றிய அவருடைய இடுக்கி கொக்கியில் தொங்கியது, யாரும் தொடவில்லை. அந்தச் சூட்டில் ஓய்வை விட்டுக்கொடுப்பது என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது.

“வலியே இல்ல மேடம். அவனுங்க நாலு பேரும் வெந்து சாவறானுங்க. போட்டுக் குடுத்துடுங்க.”

“வலி இல்லாத இந்த நேரத்துலதான் உன் ஜவ்வு ரொம்ப பலவீனமா இருக்கு. வெட்டி வச்ச தசைநாரு முதல்ல உள்ளேயே செத்துப்போகும். அப்புறம் புது ரத்தக்குழாய் அதுக்குள்ள நுழையும். மெதுவா உயிர் வரும். தசைநாரா இருந்தது ஜவ்வா மாறும். இப்ப அது பாதி பிணம்.”

அவர் முட்டியைத் தடவிப் பார்த்தார். “அப்ப எனுக்கு முட்டியில ஈஸ்டரா மேடம்?”

“ஆமாம். ஆனா மூணு நாள்ல எழுந்துக்காது. ஒன்பது மாசம் ஆகும்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. செத்த ஒரு துண்டை உடம்பு தள்ளிவிடாமல் தனக்குள் வாங்கி, ரத்தம் அனுப்பி, நீ இனி இதுதான் என்று அதற்கு வேலை சொல்லிக் கொடுக்கிறதே. எந்தச் சூப்பர்வைசர் செய்வான்? சான்று கொடுக்கவில்லை. ஆபீசர் இரண்டு தடவை நேரில் வந்தார். இரண்டு தடவையும் டீ கொடுத்து அனுப்பினேன்.

ஒன்பது மாதம் முடிந்தது. என்னிடமிருந்த எல்லாச் சோதனையும் வைத்தேன். இரண்டு தொடையும் ஒரே சுற்றளவு. ஒற்றைக் காலில் குதித்தார், நல்ல காலுக்குச் சமமான தூரம். உட்கார்ந்து எழுந்தார். ஓடினார். பேனாவைத் திறந்தேன்.

அன்று குணசீலன் உடன் வந்திருந்தார். சுவரோரம் நின்றிருந்தவர் கேட்டார். “மேடம், இங்க டைல்ஸ்ல குதிச்சா ஆச்சா?”

“வேற எங்க குதிக்கணும்?”

“மாமா அங்க குதிக்கப் போவல மேடம். திரும்பப் போறாரு.”

எனக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. பதில் வாய்வரை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே ஆளை ‘எதுக்குப் பேசறே’ என்று கேட்டது ஞாபகம் வந்தது. பேனாவை மூடினேன். “நாளைக்கு உருளை எப்ப ஓடும்?” என்று கேட்டேன்.

மறுநாள் மதியம் போனேன். ஓடுகிற ஆலைக்குள் அதுதான் முதல் தடவை. பத்தடி தள்ளி நின்றதற்கே முகத்தின் ஈரம் வற்றியது. சத்தத்தில் பேச்சு கேட்காது. முதலில் ஒன்றாம் நம்பர் உருளைக்கு அழைத்துப் போனார் குணசீலன். அங்கே இன்னும் பழைய வழவழத் தகடுதான்.

அவர் முறை வந்தது. இடத்தில் நிற்பதற்கு முன் குனிந்து ஒரு கைப்பிடி செதில் அள்ளினார். கோலம் போடுகிறவர்போல விரலைத் தேய்த்து, கால் வைக்கும் இடத்தில் மட்டும் தூவினார். ஷூ நுனியால் ஒரு சுற்றுச் சுற்றிப் பரப்பினார். அதிகமாக இருந்தது போல. கொஞ்சம் ஒதுக்கித் தள்ளினார். மறுபடி சுற்றிப் பார்த்தார். பிறகு நின்றார்.

கம்பி வந்தது. பிடித்தார். திரும்பினார். நான் காலை மட்டும் பார்த்தேன்.

கால் திரும்பியது. குதிகால் மயிரிழை எழும்பியது. முன்பாதம் செதிலின் மேல் அப்படியே வட்டமடித்தது. இடுப்பும் முட்டியும் பாதமும் ஒன்றாகத் திரும்பின. முறுக்கு என்பது முட்டிக்குப் போகவே இல்லை. தரையோடு முடிந்துவிட்டது. பத்துத் தடவை பார்த்தேன். இருபது தடவை பார்த்தேன். ஒரு தடவைகூட மாறவில்லை. எதிரில் நின்றவரும் அப்படியே. அவருக்குக் கீழேயும் அவர் அளவுக்குத் தூவிய செதில். குணசீலனுடையதைவிடக் குறைச்சல், ஏனென்றால் அவர் ஆள் ஒல்லி. பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு வந்தார். மற்ற இடமெல்லாம் பெருக்கினார். அந்த இரண்டு வட்டத்தையும் சுற்றிக்கொண்டு போனார்.

நான் கல்லூரியில் படித்தேன். முட்டியைப் பற்றி வகுப்பெடுத்தேன். முட்டியைத் திருகவிடக்கூடாது, பாதத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும் என்று விளையாட்டுக்காரர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்திருக்கிறேன். இவர்கள் அதை ஒரு கைப்பிடிக் குப்பையால் செய்துவைத்திருந்தார்கள். எத்தனை தூவினால் வழுக்கும், எத்தனை தூவினால் ஒட்டும் என்று ஒவ்வொருவரும் தன் எடைக்கு, தன் ஷூவுக்கு, அன்றைய கம்பியின் கனத்துக்குத் தெரிந்து வைத்திருந்தார்கள். சொல்லத்தான் தெரியவில்லை. சொல்லத் தெரியாததால் அது இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சூட்டில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலிலும் மாதா கோயிலிலும் எனக்கு அப்படி ஆனதில்லை.

இரண்டாம் நம்பருக்குப் போனோம். என் தகடு. செதில் விழுந்தால் புடைப்புகளுக்கு நடுவே இறங்கிவிடுகிறது. காலுக்குக் கீழே உருளுவதில்லை. அங்கே நின்றவர்கள் திரும்பவில்லை, குதித்தார்கள். கையில் நெருப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் காலைத் தூக்கி வைத்துத் திரும்பினார்கள். அவசரத்தில் ஒரே ஒரு தடவை தூக்க மறந்தால் போதும்.

“காலு வெக்கிற எடத்துல மட்டும் தோசைக்கல்லு அளவுக்குப் புடைப்ப மிஷின் வெச்சித் தேச்சோம் மேடம்” என்று குணசீலன் என் காதருகே கத்தினார். “ஆபீசரு பாத்துட்டாரு. கம்பெனி சொத்த சேதம் பண்ணிட்டோம்னு மெமோ குடுத்துட்டு, புதுத் தகடு பதிச்சிட்டாரு.”

நேராக ஆபீசர் அறைக்குப் போனேன். சான்றுப் படிவத்தை எடுத்து அவர் மேசையிலேயே எழுதினேன்: ‘முட்டி தகுதி. தரை தகுதியில்லை.’

அவர் படித்தார். “மேடம், இந்த ஃபார்ம்ல தரைக்குக் கட்டமே இல்லையே?”

“கட்டம் போட்டுக்குங்க.”

“நீங்க சொல்லித்தானே தகடு போட்டோம்?” என்று ஃபைலைத் திறந்து என் பழைய கடிதத்தைக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்.

“ஆமாம். நான்தான் சொன்னேன். தப்பு. இப்ப இன்னொண்ணு எழுதித் தர்றேன்.”

எழுதினேன். முதல் கடிதம் தவறு, உருளை ஓடாத நாளில் பார்த்து எழுதியது, தகட்டை எடுத்துவிடுங்கள், திரும்பும் இடத்தில் பாதம் சுழல வேண்டும், மூன்று முட்டிகள் இதனால் போயின என்று எல்லாம் எழுதினேன். கையெழுத்து, பட்டம், முத்திரை. வாங்கிக்கொண்டார். “மேல அனுப்பறேன்” என்றார். அதற்கு உறை எடுத்துப் போடவில்லை.

வெளியே தானியேல் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

“ஒன்ன யாரு மேடம் தரையப் பத்தி எழுதச் சொன்னது?” என்று கத்தினார். அதுவரை என்னை ஒருமையில் பேசாதவர். “ஒம்போது மாசம் ஊட்டுக் கூரையப் பாத்துக்கினு கெடந்தேன். நாலு பேரு எனுக்காக வெந்தானுங்க. ஒரு கையெழுத்து! போட்டுட்டுப் போவ வேண்டிதானே? இப்ப அவன் என்னை ஊட்டுக்குப் போன்னு சொல்லப் போறான். உன் கவுரவத்துக்கு என் வேலையா?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சரியானதை எழுதினாலும் அதன் விலையை நோயாளிதான் கொடுக்கிறான். பேனா பிடிக்கிற கைக்கு அது உறைப்பதில்லை.

குணசீலன்தான் நடுவில் வந்தார். “கத்தாத மாமா. நீ ஒண்ணாம் நம்பர்ல என் எடத்துல நில்லு. நான் ரெண்டுக்குப் போறேன்.”

“ஏன், உனுக்கு முட்டி இல்லியா?”

“எனுக்கு ரெண்டு கீது. உனுக்கு ஒண்ணரதான் கீது. பேசாம வா.”

“ஒங்கக்கா கேட்டா இன்னா சொல்றது?”

“அவ கேக்கறப்ப பாத்துக்கலாம். மேடம், ஒண்ணாம் நம்பர்னு மட்டும் எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். ‘ஒன்றாம் நம்பர் உருளையில் மட்டும், பழைய தரையில் மட்டும் தகுதி.’ ஆபீசருக்கு ஆள் வேண்டும், ஒத்துக்கொண்டார்.

தானியேல் திரும்ப வேலைக்குச் சேர்ந்த அன்று நான் போய் நின்றேன். சாக்கை நனைத்து இடுக்கியில் சுற்றினார். குனிந்து செதில் அள்ளினார். தூவினார். ஷூ நுனியால் பரப்பினார். மறுபடி பரப்பினார். மூன்றாம் தடவையும் பரப்பினார். எதிரில் நின்றவர் பொறுமையாக இருந்தார். யாரும் கிண்டல் செய்யவில்லை.

கம்பி வந்தது. பிடித்தார். ஒரு கணம் நின்றுவிட்டார் என்று நினைத்தேன். பிறகு திரும்பினார். அந்தக் கால், ஒன்பது மாதத்துக்கு முன் நான் சொன்னால் அசையாத கால், செத்து உயிர்வந்த துண்டு உள்ளே கட்டிப் பிடித்திருக்கும் கால், செதிலின் மேல் முழுசாக வட்டமடித்தது. கம்பி ஓட்டையில் போனது. அடுத்தது வந்தது. அடுத்தது வந்தது. எத்தனை என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். கண் மறைத்தது. வேர்வை என்று சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் தலையைத் திருப்பினேன். இரண்டாம் நம்பரில் குணசீலன் நின்றிருந்தார். முழு முட்டிகள் இரண்டோடும் என் தகட்டின் மேல். கம்பி வந்தது. காலைத் தூக்கி வைத்துத் திரும்பினார். அடுத்தது வந்தது. தூக்கி வைத்துத் திரும்பினார்.

அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். அது நடந்து எனக்கு ஓய்வே வந்துவிட்டது. தகடு அப்படியே இருக்கிறது. அந்த இரண்டாவது கடிதத்தை நினைவூட்டி மூன்று தடவை எழுதினேன். பதில் இல்லை. போன வாரம் குணசீலன் போன் செய்தார். ஒன்றாம் நம்பரிலும் அதே தகடு பதிக்கப் போகிறார்களாம். தானியேல் நிற்கிற இடம். யார் சொல்லி என்று கேட்டதற்கு, அறிவிப்புப் பலகையில் என் முதல் கடிதத்தை மறுபடி ஒட்டியிருக்கிறார்களாம். இரண்டாவது கடிதத்தைப் பற்றிக் கேட்டதற்கு அப்படி ஒன்று வரவே இல்லை என்று ஆபீசர் சொன்னாராம்.

இளையவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது முடிந்தது. ஓடும்போது போய்ப் பாருங்கள். சொல்லத் தெரியாதவன் சொல்வதைக் கேளுங்கள். தப்பாகப் போட்ட கையெழுத்தைச் சத்தம் போட்டுத் திரும்ப வாங்குங்கள். மெதுவாக வாங்கினால் அது ஃபைலுக்குள் செத்துவிடும். அதற்கு எந்த உடம்பும் ரத்தம் அனுப்பாது.

மிச்சம் ஆபீசருக்கு.

சார், என் தப்பை நான் பெயர் போட்டு, எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டேன். இப்போது உங்கள் முறை. எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம், போனும் வேண்டாம். மதியம் ஷிஃப்ட் மாறும்போது உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் ஆலை வாசலில் ஒன்றாக நிற்பார்கள். அங்கே வாருங்கள். நானும் வந்து நிற்கிறேன். என் இரண்டாவது கடிதம் உங்கள் கையில் வந்ததா, இல்லையா? வந்தது என்றால் தகடு ஏன் இன்னும் அங்கே இருக்கிறது? குணசீலன் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.